மலடி என்று யாரைச் சொல்லுகிறீர்கள்?

(ஆரம்பாக்கத்தில் பேசியது)



இன்று நாம் எடுத்துக்கொண்ட சங்கதி, ஆணும் பெண்ணும் ஒன்றாய் உட்கார்ந்திருக்கும் இடத்தில் பேசத் தகாதது என்று, கூட்டம் துவங்குமுன்னே இரண்டு பெரியவர்கள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். வியாதி இருவரையும் சேர்த்துப் பிடிக்கிறபோது பேச்சை மட்டும் பிரித்து வைப்பானேன்? ஆகையால் பேசத்தான் போகிறோம். நாம் வைத்தியர் அல்ல; பள்ளிக்கூடப் படிப்பும் அதிகமில்லை. டாக்டர்களைக் கேட்டும் புஸ்தகங்களைப் புரட்டியும் தெரிந்துகொண்டதையே சொல்லுகிறோம். நாம் சொன்னோம் என்பதற்காக நம்பாமல், டாக்டரைக் கேட்டுச் சரிபார்த்துக் கொள்ளுங்கள்.

நமது உறவில் ஒரு பெண். கலியாணமாகி ஒன்பது வருஷம் பிள்ளையில்லை. அரச மரத்தைச் சுற்றினாள், வேப்ப மரத்தில் தொட்டில் கட்டினாள், நாகதோஷம் என்று ஜோசியன் சொல்லக் கேட்டு நாகக் கல் நட்டாள், மண்சோறு தின்றாள். வளைகாப்பு வீட்டில் அவளை முன்னே நிற்க விடமாட்டார்கள். அவள் புருஷன் லாரி ஓட்டுகிறவன். அவன் ஒரு தடவையாவது ஒரு மரத்தைச் சுற்றியதாக நமக்கு ஞாபகமில்லை. கடைசியில் படம் எடுத்துப் பார்த்தபோது கருக்குழாய் இரண்டும் அடைபட்டிருந்தன. பழைய தொற்றின் தழும்பு என்றார் டாக்டர். எந்தத் தொற்று என்று இத்தனை காலம் கழித்து உறுதியாய்ச் சொல்ல முடியாது. நம் நாட்டில் க்ஷயரோகக் கிருமியும் அந்தக் குழாயை அடைப்பதுண்டு. ஆனால் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "புருஷனுக்கு எப்போதாவது மூத்திரக் கடுப்பும் வெள்ளையும் இருந்ததா?" என்பது. கலியாணமான புதிதில் இருந்ததாம். உடம்புச் சூடு என்று மோர் குடித்திருக்கிறான். லாட்ஜில் ரூம் எடுத்திருந்த ஒரு வைத்தியரிடம் லேகியமும் வாங்கித் தின்றிருக்கிறான். கடுப்பு தானாகவே நின்றது. பேர் லேகியத்துக்குப் போயிற்று. கடுப்பு நின்றதனால் கிருமி போய்விட்டது என்று அர்த்தமல்ல.

இப்படிப்பட்ட கிருமிகளில் ஒன்றுதான் கிளமிடியா. வெட்டை நோய் வேறு, இது வேறு. இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு. உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி 2020-ம் வருஷத்தில் மட்டும் உலகத்தில் 12 கோடியே 85 லட்சம் பேருக்கு இது புதிதாகத் தொற்றியது. இதே இனத்துக் கிருமியின் வேறொரு வகைதான் கண்ணில் புகுந்து டிராகோமா என்கிற வியாதியை உண்டாக்கி லட்சக்கணக்கானவர்களைக் குருடாக்கிற்று. அது பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இந்தியாவில் ஒழிந்துவிட்டதென்று அந்த ஸ்தாபனமே 2024 அக்டோபரில் அறிவித்தது. கண்ணில் வந்தபோது சொட்டு மருந்து போட்டோம். நோயாளியின் ஒழுக்கத்தை விசாரிக்கவில்லை. அதே இனம் இடுப்புக்குக் கீழே வந்தால் மட்டும் மருந்துக்கு முன்னே மானம் வந்து வழி மறிக்கிறது!

இந்த வியாதியின் சூழ்ச்சி அதன் மௌனத்தில் இருக்கிறது. தொற்றிய பெண்கள் நூற்றுக்குச் சுமார் 70 பேருக்கு ஒரு குறியும் தெரியாது. ஆண்களிலும் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தால் வெள்ளைப்படுதல், நீர்க்கடுப்பு, தூரம் அல்லாத நாளில் உதிரம், அடிவயிற்று வலி. ஆணுக்கு விதை வீக்கம். வைத்தியம் செய்யாமல் விட்டால் பெண்கள் நூற்றில் 10, 15 பேருக்குத் தொற்று மேலேறிக் கருக்குழாயைப் புண்ணாக்கும். பிறகு மலட்டுத்தன்மை, அல்லது குழாயிலேயே கருத்தங்கி வெடித்து உயிருக்கு ஆபத்து. கர்ப்பிணிக்கு இருந்தால் பிறக்கிற குழந்தையின் கண்ணையும் நுரையீரலையும் பிடிக்கும்.

சோதனை ஒன்றும் பயங்கரமல்ல. ஆண், முதலில் வரும் மூத்திரத்தைக் கொடுத்தால் போதும். பெண், பஞ்சுக் குச்சியால் தானே எடுத்துக் கொடுக்கலாம். மருந்தும் மலிவு. டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை, 7 நாள். கர்ப்பிணிக்கு அது ஆகாது, அஸித்ரோமைசின் 1 கிராம் ஒரே வேளை. இதைக் கேட்டுவிட்டு நேரே மருந்துக்கடைக்கு ஓட வேண்டாம். டாக்டர் பார்த்துக் கொடுக்க வேண்டும். வைத்தியம் முடியும்வரை சேர்க்கை கூடாது. மூன்று மாதம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். ஒரு தடவை வந்தவருக்கு மறுபடி வராது என்பதில்லை.

அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பால்வினை நோய்ப் பிரிவுகள் உண்டு. குறிகளைக் கேட்டு, நிறம் நிறமான பெட்டிகளில் மருந்து இனாமாய்க் கொடுக்கும் ஏற்பாடும் உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் குறியைக் கேட்டுக் கொடுக்கிற மருந்து குறியில்லாதவளுக்கு எப்படிப் போய்ச் சேரும்? புருஷனுக்கு மருந்து கொடுத்த அன்றே மனைவிக்கும் கொடுத்தால்தான் சேரும். அவனோ சொல்லமாட்டான். தான் மட்டும் தின்றுவிட்டு, மறுபடி அவளிடமிருந்தே வாங்கிக்கொண்டு, "இவளால் வந்தது" என்பான்.

பழியைப் பெண் தலையில் கட்டுவது புதிதல்ல. 1868-ல் வெள்ளைக்கார சர்க்கார் தொற்று நோய்ச் சட்டம் ஒன்று போட்டது. வேசிகள் என்று பதிவு செய்த பெண்களைப் பலவந்தமாய்ச் சோதித்து, நோய் கண்டவர்களை ஆஸ்பத்திரியில் அடைத்து வைத்தார்கள். அவர்களிடம் போன சிப்பாய்களை அந்தச் சட்டம் தொடவில்லை. 1888-ல் அதை ரத்து செய்தார்கள். சட்டம் போயிற்று, புத்தி போயிற்றா?

இந்த ஆரம்பாக்கம் எல்லை ஊர். கல்கத்தா ரஸ்தாவில் இரவு பகலாய் லாரி ஓடுகிறது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் குடும்பத்தைப் பிரிந்து வந்த பல மாகாணத்துத் தொழிலாளிகள் இருக்கிறார்கள். "வடநாட்டான் கொண்டு வந்தான்" என்று சொல்லுகிறவர்களும் இங்கே உண்டு. கிருமிக்குப் பாஷையும் தெரியாது, எல்லையும் தெரியாது. ஆணுறை போட்டவனை அது பெரும்பாலும் அணுகுவதில்லை. போடாதவன் எந்த ஊர்க்காரனானாலும் விடுவதில்லை. இதற்குத் தடுப்பூசி இன்னும் வரவில்லை.

மேடைக்குக் கீழே காகிதமும் பென்சிலும் வைத்திருக்கிறோம். பெயர் எழுத வேண்டாம். கேள்வியை மட்டும் எழுதிப் பெட்டியில் போடுங்கள். எழுதத் தெரியாத தாய்மார்கள் நம் கூட்டத்துப் பெண் தோழர்களிடம் காதில் சொல்லலாம். தெரிந்ததற்கு இப்பொழுதே பதில் சொல்லுவோம். தெரியாததை டாக்டரிடம் கேட்டு வந்து அடுத்த கூட்டத்தில் சொல்லுவோம்.