ஊமைத் திரையைப் பேசவைத்தவர்

வெள்ளித்திரையில் உருவங்கள் வாயசைக்க, அவற்றின் குரல் கேளாதிருந்த காலம் ஒன்றுண்டு. அத்திரையை நம் நாட்டில் முதன்முதல் பேசவைத்த படமுதலாளி ஆர்தேஷிர் இரானியைப் பற்றி இன்று சிறிது காண்போம்.

அவர் 1886-ஆம் ஆண்டில் புனேயில் பிறந்தவர். பம்பாயில் இசைக்கருவி வாணிகம் செய்தார். பின்னர்க் கூட்டாளியுடன் படக்கொட்டகை நடத்தினார். ஊமைப் படங்கள் பல எடுத்தார். 1926-இல் இம்பீரியல் பிலிம் கம்பெனியை நிறுவினார். இதுவரை அவர் கதை அக்காலத்து முதலாளிகள் பலருடைய கதையே. ஆகவே அதில் நாம் நெடிது தங்க வேண்டுவதில்லை.

'ஷோ போட்' என்னும் அமெரிக்கப் படத்தை அவர் பம்பாயில் கண்டார். அதில் ஒரு பகுதியே பேச்சு, எஞ்சியது ஊமை. அதுவே அவர் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது. கல்கத்தாவில் மாடன் கம்பெனியாரும் பேசும்படம் எடுக்க முனைந்திருந்தனர். ஆதலால் இரானி தம் முயற்சியை மறைவாகவே நடத்தினார்.

இடையூறுகளோ பல. கலைக்கூடத்தின் அருகே இருப்புப்பாதை; ஒலி புகாத சுவர்களோ இல்லை. எனவே இரயில் வண்டிகள் ஓய்ந்த பின்னிரவிலேயே படம் பிடித்தனர். காட்சியும் ஒலியும் ஒரே சுருளில் ஒருங்கே பதிவாகும் முறை அது. பாட்டின் நடுவே ஒருவர் இருமிவிட்டால், பின்னர் அதை நீக்கிச் சீர்செய்ய வழியில்லை! ஒலிவாங்கியைக் காமிராவின் பார்வைக்கு எட்டாமல் ஒளித்துவைத்தனர். வாத்தியக்காரரும் அவ்வாறே ஒளிந்திருந்து வாசித்தனர். கருவியைப் பொருத்த வந்த அமெரிக்க நிபுணரிடம் தொழிலைக் கற்று, இரானியும் ருஸ்தம் பரூச்சாவும் ஒலிப்பதிவைத் தாமே மேற்கொண்டனர். அறியாத தொழிலில் பொருளை இடுவதோடு நில்லாது, அதைத் தம் கையாலேயே செய்யத் துணிந்த இம்முதலாளியை நாம் வியவாதிருக்க இயலவில்லை.

1931 மார்ச் 14-ஆம் நாள் பம்பாய் மெஜஸ்டிக் கொட்டகையில் 'ஆலம் ஆரா' வெளிவந்தது. பாடல்கள் ஏழு. கூட்டத்தை அடக்கக் காவலரை அழைக்க நேர்ந்தது. அதே ஆண்டு அக்டோபரில் சென்னையில் வெளியான 'காளிதாஸ்' படமும் இரானி எடுத்ததே. எச்.எம். ரெட்டி இயக்கிய அப்படத்தில் டி.பி. ராஜலட்சுமி தமிழ் பேச, உடன் நடித்தோர் தெலுங்கில் விடை பகர்ந்தனர். மக்கள் அதனைக் குறையாகக் கொள்ளவில்லை. திரையிலிருந்து தமிழ் ஒலித்ததே அவர்களுக்குப் போதுமாயிருந்தது.

1933-இல் பாரசீக மொழியின் முதற் பேசும்படத்தையும், 1937-இல் இந்நாட்டிலேயே வண்ணத்தில் உருவான 'கிசான் கன்யா'வையும் அவர் தந்தார். வண்ணப்படம் எதிர்பார்த்த வெற்றியை ஈட்டவில்லை. 1969-இல் இரானி மறைந்தார்.

'ஆலம் ஆரா'வின் பிரதி ஒன்றும் இன்று எஞ்சவில்லை. ஓடித் தேய்ந்த சுருள்களிலிருந்து வெள்ளியைப் பிரித்து விற்பது அந்நாளைய வழக்கம்; அவற்றைப் பேணுவார் அரியர். ஒருசில நிழற்படங்களும் விளம்பரத் தாள்களுமே நமக்குக் கிட்டியுள்ளன. இந்தியத் திரை முதன்முதல் பேசிய பேச்சை நாம் இனிக் கேட்க இயலாது.