வீட்டு வரி ஏறினால் முதலில் கடிதம், பிறகுதான் வழக்கறிஞர்



பாடாங் செராய் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டி வாழ்ந்த பல குடும்பங்கள் இன்று தாமான்களில் சொந்த வீடு வைத்திருக்கின்றன. ஊழியர் சேமநிதிப் பணத்தைப் போட்டு வாங்கிய வீடுகள் அவை. அப்படிப்பட்ட வீட்டுக்கு நகராண்மைக் கழகத்திலிருந்து ஒரு கடிதம் வருகிறது. வீட்டின் ஆண்டு மதிப்பு உயர்த்தப்பட்டிருக்கிறது. பெரியவர் அதை மடித்து சாமி மேடையில் வைத்துவிடுகிறார். பக்கத்து வீட்டுக்காரரோ, "நல்ல லோயரா பாருங்கண்ணே" என்கிறார். இரண்டுமே அவசரத்தில் செய்யும் தவறுகள்.

'சுக்காய் பிந்து' என்று மக்கள் சொல்லும் மதிப்பீட்டு வரி, 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் கீழ் விதிக்கப்படுகிறது. ஒரு வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் நியாயமாக என்ன கிடைக்குமோ, அதுவே ஆண்டு மதிப்பு. அதில் குறிப்பிட்ட விழுக்காடு வரியாகிறது. விழுக்காட்டை மாநில அரசின் ஒப்புதலோடு கழகம் நிர்ணயிக்கிறது. வீட்டுக்காரர் ஆட்சேபிக்க வேண்டியது மதிப்பைத்தான். 1996-இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டதைப் போல, அருகில் தொழிற்சாலைகள் பெருகினால் வாடகை ஏறும். வாடகை ஏறினால் மதிப்பும் ஏறும். ஆனால் எல்லா வீட்டுக்கும் ஒரே வாடகை கிடைக்காது.

புதிய மதிப்பீட்டுப் பட்டியலுக்கு ஆட்சேபம் தெரிவிப்பவர், அதன் மறுஆய்வுக்குக் குறிக்கப்பட்ட நாளுக்குக் குறைந்தது 14 நாட்களுக்கு முன் எழுத்து மூலம் கொடுக்க வேண்டும். பிறகு விசாரணை நடக்கும். உரிமையாளரே நேரில் பேசலாம். தம் சார்பில் ஒருவரையும் அனுப்பலாம். இதற்கு வழக்கறிஞர் கட்டாயமில்லை. மலாய் நன்கு எழுதும் மகளோ மகனோ போதும். அதே வரிசையில் உள்ள வீடுகளின் வாடகை விவரம், வீட்டின் படங்கள், இல்லாத அடுக்களை நீட்டிப்பு கணக்கில் சேர்ந்திருந்தால் அதற்கான வரைபடம், இவையே பலமான சான்றுகள். "வரி அதிகம், கட்ட முடியவில்லை" என்ற ஒரு வரி மட்டும் சான்றாகாது.

ஒரு கணக்கு பார்க்கலாம். ஆண்டு மதிப்பு 3,600 ரிங்கிட்டிலிருந்து 6,000 ரிங்கிட்டுக்கு உயர்கிறது. வரி 8 விழுக்காடு எனக் கொள்ளலாம். 288 ரிங்கிட் வரி 480 ஆகிறது. வேறுபாடு ஆண்டுக்கு 192 ரிங்கிட். இதற்காக வழக்கறிஞரை அமர்த்தினால், பல ஆண்டு மிச்சத்தை அவருடைய கட்டணமே விழுங்கிவிடும். ஆனால் வரிசைக் கடைகள், தொழிற்சாலை, பெரிய மண்டபம் என்றால் கணக்கே வேறு. அங்கே பதிவு பெற்ற சொத்து மதிப்பீட்டாளரையும் வழக்கறிஞரையும் தொடக்கத்திலேயே கலந்து பேசுவது புத்திசாலித்தனம்.

கழகத்தின் முடிவு திருப்தி தராவிட்டால் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். அதற்குத்தான் வழக்கறிஞர் தேவை. ஆனால் அந்தக் கதவு, முன்பே ஆட்சேபம் எழுதிக் கொடுத்தவருக்கு மட்டுமே திறக்கும். கடிதத்தை சாமி மேடையில் வைத்து நாளைக் கடத்தியவருக்கு எவ்வளவு பெரிய வழக்கறிஞரும் கைகொடுப்பது கடினம். வழக்கு நடந்தாலும் வரியைக் கட்டி ரசீதை வைத்துக்கொள்வதே நல்லது. நிலுவை வைத்தால் வீட்டுப் பொருள்களை ஜப்தி செய்யக் கழகத்துக்கு அதிகாரம் உண்டு.

எழுதினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்குக் கோலாலம்பூர் பதில் சொல்லும். 2013-இல் அங்கு மாநகர் மன்றம் 21 ஆண்டுகளுக்குப் பிறகு மதிப்பை உயர்த்தியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்சேபங்கள் குவிந்தன. முடிவில் குடியிருப்புகளுக்கான வரி 6 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. 

ஆகவே கடிதம் வந்த அன்றே அதில் உள்ள தேதியை நாட்காட்டியில் வட்டமிட வேண்டும். வழக்கறிஞரைப் பிறகும் தேடிக்கொள்ளலாம். கடந்துபோன தேதியைத் திரும்பப் பெற முடியாது.