பழகிய வார்த்தை

சோதனை வந்த பிறகு ஜெபித்தால் போதாதா, முன்கூட்டியே என்ன ஆயத்தம் என்று கேட்பவர்கள் உண்டு. கெத்செமனேயில் இயேசு விழித்திருக்கச் சொன்னபோது தூங்கிய பேதுரு, சேவல் கூவுவதற்குள் அவரை மூன்று முறை மறுதலித்தார் என்கிறது வேதம். 1935-இல் ஜெர்மனியின் ஃபிங்கன்வால்டேயில், நாஜிகளுக்குப் பணியாத திருச்சபையின் போதகர் பயிற்சிப் பள்ளியை நடத்திய டீட்ரிக் போன்ஹோபர் முன் ஆயத்தத்தின் தேவையை நன்றாக உணர்ந்திருந்தார். மாணவர்கள் தினமும் அரை மணி நேரம் மௌனமாகத் தியானிக்க வேண்டும். வாரம் முழுக்க ஒரே வேதபகுதி. பிரசங்கத்துக்குக் குறிப்பெடுக்கக் கூடாது. பலருக்கு அலுப்பு, சிலருக்குத் தூக்கம். இறையியல் அறிஞர் கார்ல் பார்த்துக்கே இதில் துறவு மடத்தின் வாடை அடித்தது.

நியாயமான சந்தேகம்தான். ஆனால் உலகை விட்டு ஒதுங்கப் பழகியவர் ஹிட்லருக்கு எதிரான சதியில் சேர்ந்திருப்பாரா? 1943 ஏப்ரலில் டேகல் சிறைக்குப் போனபோதும், ஆண்டுக்கணக்கில் படித்த சங்கீதங்களையே அன்றாடம் படித்தார். அந்தக் கிறிஸ்துமஸுக்குச் சக கைதிகளுக்காக ஜெபங்கள் எழுதினார். அவருக்கு மனப்போராட்டமே இல்லை என்று நினைக்க வேண்டாம். வெளியே திடமாகத் தெரிந்தாலும் உள்ளே தவித்ததைத் தாமே எழுதியிருக்கிறார். விசுவாசம் போராட்டத்தை வராமல் தடுப்பதில்லை. பிடித்துக்கொள்ள ஒரு வார்த்தை தருகிறது. பழகிய வார்த்தையாக இருந்தால்தானே இருட்டில் கைக்குத் தட்டுப்படும்! 1945 ஏப்ரல் 8, ஞாயிற்றுக்கிழமை. சக கைதிகள் கேட்டுக்கொள்ள, அவர்களை அடைத்து வைத்திருந்த ஒரு பள்ளிக்கூட அறையில் ஏசாயாவையும் பேதுருவின் நிருபத்தையும் வாசித்து ஆராதனை நடத்தினார். மறுநாள் காலை அவரைத் தூக்கிலிட்டார்கள்.