அப்பத்தா கண்ணில் நிற்காத தண்ணீர்: கண்ணீர்ப் பாதை ஏன் அடைக்குது?

இந்த எபிசோடில் கோடிங் இல்லை, இன்டர்வியூ டிப்ஸ் இல்லை. கண்ணீரைப் பற்றிப் பேசப் போறோம். சோகக் கதை இல்லைங்க, குழாய்க் கதை.

எங்க ஊர் போடிநாயக்கனூர். விடியற்காலையில் ஜீப் ஜீப்பாக ஆட்கள் போடிமெட்டு ஏறி ஏலத் தோட்டங்களுக்குப் போவாங்க. அங்கே விளையுற காய் கீழே இறங்கி வந்து, போடியில் பெண்கள் கையால் தரம் பிரிச்சு, அப்புறம் ஏலத்துக்குப் போகும். எங்க அப்பத்தா முதல் பாதி வாழ்க்கையைத் தோட்டத்திலும், மறு பாதியைக் காய் பிரிக்கிற இடத்திலும் கழிச்சவங்க. எட்டு எம்எம் காயை ஏழு எம்எம் காயிலிருந்து பார்வையிலேயே பிரிச்சிடுவாங்க.

நாலு வருஷமா அவங்க இடது கண்ணில் தண்ணீர் வடிஞ்சுக்கிட்டே இருந்தது. முந்தானையில் துடைச்சுட்டு வேலையைப் பார்ப்பாங்க. "வயசாயிருச்சு, அப்படித்தான்"னு அவங்க சொன்னாங்க, நாங்களும் நம்பினோம். நான் ஊருக்கு வரும்போதெல்லாம் மருந்துக் கடையில் ஏதாவது சொட்டு மருந்து வாங்கிட்டு வருவேன். தப்பு செஞ்சது நான்தான், அதுக்கு அப்புறம் வர்றேன்.

போன வருஷம் கண்புரை ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போனோம். கீழ் இமை ஓரத்தில் இருக்கிற சின்ன துளை வழியா, மழுங்கின ஊசியால் உப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தாங்க. பாதை திறந்திருந்தா தொண்டையில் உப்புக் கரிக்கும். அப்பத்தாவுக்குக் கரிக்கலை. விட்ட தண்ணீர் மேல் இமைத் துளை வழியா சீழோட திரும்பி வந்துச்சு. "புரை அப்புறம், முதல்ல இந்த அடைப்பைச் சரி பண்ணணும்"னு டாக்டர் சொல்லிட்டார்.

நான் கேட்ட கேள்வி: "சார், அடைப்புன்னா தண்ணீரை வேகமா அடிச்சு எடுத்துவிட முடியாதா?"

பதில் புரியணும்னா பாதை தெரியணும். கண்ணீர் இமை ஓரத்து ரெண்டு துளைகள் வழியா நுழைஞ்சு, மூக்கோரத்தில் இருக்கிற கண்ணீர்ப் பைக்குப் போகும். அங்கிருந்து எலும்புக்குள்ளே ஓடுற குழாய் வழியா மூக்குக்குள் இறங்கும். அழும்போது மூக்கு ஒழுகுறதும், கண்ணில் விட்ட மருந்து தொண்டையில் கசக்குறதும் அதனால்தான்.

இந்தக் குழாய் பிளாஸ்டிக் பைப் மாதிரி வெறும் ஓட்டை இல்லை. உள்சுவரில் சளி சுரக்கிற செல்கள் இருக்கு. அந்த வழுவழுப்பில்தான் கண்ணீர் சறுக்கிட்டு இறங்கும். சுவரைச் சுத்தி ரத்தக் குழாய்கள் வலை மாதிரி பின்னியிருக்கு. அதில் ரத்தம் நிறைஞ்சா பாதை சுருங்கும், வடிஞ்சா விரியும். ஜெர்மன் உடற்கூறியலாளர் ஃப்ரீட்ரிச் பால்சனும் அவர் குழுவினரும் இதை விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்காங்க.

இப்போ அழற்சி வருதுன்னு வைங்க. கண்ணிலிருந்து கீழே இறங்கலாம், மூக்கிலிருந்து மேலே ஏறலாம். ரத்தக் குழாய்கள் உப்பும், சுவர் வீங்கும், பாதை மூடும். முதல் தடவை வீக்கம் வடிஞ்சதும் திறந்திடும். திரும்பத் திரும்ப நடந்தா, உடம்பு அங்கே தழும்புத் திசுவைக் கட்ட ஆரம்பிக்கும். சளி சுரக்கிற செல்கள் குறையும். தேங்கின கண்ணீரில் கிருமி வளரும், அது இன்னும் அழற்சியைத் தூண்டும். நம்ம பாஷையில் சொன்னா, முடிவே இல்லாத லூப்.

1986-ல் லின்பெர்க், மெக்கார்மிக் என்ற ரெண்டு பேர் நோயாளிகளின் குழாய்த் திசுவை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாங்க. ஆரம்ப கட்டத்தில் அழற்சியும் வீக்கமும், கடைசிக் கட்டத்தில் தழும்பு. அதாவது, குழாய்க்குள் ஏதோ மாட்டிக்கலை. குழாயே மாறிப் போச்சு. தண்ணீரை எவ்வளவு வேகமா அடிச்சாலும் தழும்பு கரையாது. என் கேள்விக்கு இதுதான் பதில்.

பிறந்த குழந்தைங்க விஷயம் வேற. அங்கே பாதையின் கடைசியில் மெல்லிய சவ்வு ஒண்ணு திறக்காம இருக்கும். பெரும்பாலும் ஒரு வயசுக்குள்ள தானா திறந்திடும். பெரியவங்களுக்கு அப்படி நடக்காது. நடுத்தர வயசுக்கு மேல் பெண்களுக்கு இது ஆண்களைவிட அதிகம் வருது. அவங்களுக்கு எலும்புப் பாதை குறுகலா இருக்கிறதும், மாதவிடாய் நின்ன பிறகு வரும் ஹார்மோன் மாற்றமும் காரணமா இருக்கலாம்னு சொல்றாங்க.

"சரி, தண்ணீர்தானே வடியுது, வடிஞ்சுட்டுப் போகட்டுமே"ன்னா, ரெண்டு ஆபத்து இருக்கு. ஒண்ணு, சீழ் தேங்கின பையை வெச்சுக்கிட்டு புரை ஆபரேஷன் பண்ணினா, கிருமி கண்ணுக்குள் போய்ப் பார்வையே போகலாம். ஊசி போட்டுப் பார்க்கிறது அதுக்குத்தான்.

ரெண்டாவது நம்ம மலைக்காரங்களுக்கு முக்கியம். இலையோ குச்சியோ கருவிழியில் சின்னதா கீறினா, பக்கத்திலேயே கிருமிக் குளம் இருந்தா அந்தக் கீறல் புண்ணாக மாற வாய்ப்பு ரொம்ப அதிகம். 1993-ல் மதுரை மாவட்டத்தில் கணக்கெடுத்தப்போ, வருஷத்துக்குப் பத்தாயிரம் பேரில் சுமார் 11 பேருக்குக் கருவிழிப் புண் வந்தது. தேனி அப்போ மதுரை மாவட்டத்துக்குள்ளேதான் இருந்தது. 1994-ல் மதுரையில் மூணு மாசத்தில் பார்த்த 434 நோயாளிகளில் சுமார் 65 சதவீதம் பேருக்குப் புண்ணுக்கு முன்னாடி கண்ணில் அடிபட்டிருந்தது.

வைத்தியம்? பழைய குழாயை விட்டுட்டு புதுப் பாதை போடுறதுதான். கண்ணீர்ப் பைக்கும் மூக்குக்கும் நடுவில் இருக்கிற மெல்லிய எலும்பில் ஒரு திறப்பு வெச்சு, பையை நேரா மூக்கோட இணைச்சிடுவாங்க. டிசிஆர்னு பேர். இத்தாலியின் அடியோ டோட்டி இதை 1904-ல் விவரிச்சார். இப்போ மூக்கு வழியாகவே எண்டோஸ்கோப்பி மூலம், முகத்தில் தழும்பு இல்லாமலும் செய்றாங்க. பெரும்பாலானவங்களுக்கு இது பலன் தருது.

அப்பத்தா ஒத்துக்கவே இல்லை. "புரை எடுக்க வந்தா மூக்கு எலும்பை உடைக்கிறேங்கிறாங்க, போடா!" ரெண்டு வாரம் பேசவே இல்லை. கடைசியில் நான் இப்படிச் சொன்னேன்: "அப்பத்தா, போடிமெட்டு ரோட்டுல மண்ணு சரிஞ்சா என்ன பண்ணுவாங்க? மண்ணை அள்ளுவாங்க. ரோடே உட்கார்ந்துட்டா? பக்கத்துல வேற ரோடு போடுவாங்கல்ல, அதுதான் இது." கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "அப்பவே இப்படிச் சொல்றதுக்கு என்னடா"ன்னாங்க.

ஆபரேஷன் முடிஞ்சது. சில மாசம் கழிச்சுப் புரையும் எடுத்தாச்சு. இப்போ மறுபடி காய் பிரிக்கப் போறாங்க. வேண்டாம்னு சொன்னா கேட்க மாட்டேங்கிறாங்க.

இப்போ என் தப்பு. நான் வாங்கிக் கொடுத்த சொட்டு மருந்து எதுவும் அந்தத் தழும்பைத் தொட்டிருக்காது. ஒவ்வொரு பாட்டிலும் "ஏதோ செஞ்சுட்டேன்"ங்கிற நிம்மதியை எனக்குக் கொடுத்துச்சு, அவங்களை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறதைத் தள்ளிப் போட்டுச்சு. அவ்வளவுதான்.

உங்க வீட்டில் பெரியவங்க யாராவது ஒரு கண்ணை மட்டும் அடிக்கடி துடைச்சுக்கிட்டு இருந்தா, ஒரு தடவை கண் டாக்டர்கிட்ட காட்டுங்க. மூக்கோரத்தில் சிவந்து, வீங்கி, வலிச்சா அன்னைக்கே கூட்டிட்டுப் போங்க; நீங்களா அமுக்கிப் பார்க்காதீங்க.