மா ஹுவாங் தந்த மருந்து

“மூலிகைதானே, தீங்கு என்ன செய்யும்?” என்று நம்புவோர் உண்டு. “வெறும் பச்சிலையில் என்ன இருக்கிறது?” என்று எள்ளுவோரும் உண்டு. இவ்விரு சாராருக்கும் ஒருங்கே விடையளிக்கும் ஒரு செடியின் வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

சீனர் அச்செடியை மா ஹுவாங் என்பர். தாவர நூலார் எபிட்ரா என்பர். சீனத்தின் வறண்ட வடபுலத்தில் வளரும் சிறு புதர் அது. இலைகள் வெறும் செதில்களாகக் குறுகியிருக்கும். பசுமையெல்லாம் கணுக்கணுவான மெல்லிய தண்டுகளிலேதான். அத்தண்டைக் கஷாயமாக்கி, இருமலுக்கும் மூச்சுத் திணறலுக்கும் சீன வைத்தியர் பன்னூறு ஆண்டுகளாகக் கொடுத்து வந்தனர்.

1885-இல் ஜப்பானிய இரசாயன அறிஞர் நாகாய் நாகயோஷி, அதன் சாரமான பொருளைத் தனியே பிரித்தெடுத்தார். அதுவே எபிட்ரின். ஆயினும், கண்ணின் பாவையை விரியச் செய்யும் மருந்து என்ற அளவிலேயே அது நெடுங்காலம் நின்றுவிட்டது. ஒரு பொருளைப் பிரித்தெடுப்பது வேறு. அது உடலினுள் சென்று என்ன செய்கிறது என்று காண்பது வேறு. இந்த இரண்டாவது வினாவே மருந்தியலின் வினா.

அவ்வினாவை எழுப்பியவர் கோ க்வெய் சென் என்னும் இளைஞர். அமெரிக்காவில் பயின்று, 1923-இல் பீக்கிங் யூனியன் மருத்துவக் கல்லூரிக்குப் பணியாற்ற வந்தவர். நாட்டு மருந்துகளுள் வீரியம் மிக்கது எது என்று தம் குடும்பத்து மூத்தவர் ஒருவரை அவர் கேட்டார். மா ஹுவாங் என்று விடை வந்தது. எனக்கு இவ்வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இதுதான். புதிய கல்வி பழைய அனுபவத்தை மதித்துக் கேட்டது; கேட்டதோடு நில்லாமல் சோதித்தும் பார்த்தது.

சென்னும் கார்ல் ஷ்மித்தும் மயக்கமூட்டப்பட்ட நாய்க்கு அக்கஷாயத்தைச் செலுத்தினர். இரத்த அழுத்தம் உயர்ந்தது. பின்னர்த் தூய எபிட்ரினைக் கொண்டு ஆராய்ந்து, 1924-இல் முடிவுகளை வெளியிட்டனர். அட்ரினலினை வாய்வழி உட்கொண்டால் அது குடலிலும் ஈரலிலும் சிதைந்து பயனற்றுப் போகும். எபிட்ரினோ அவ்வாறு சிதைவதில்லை. அதன் செயலும் நெடுநேரம் நீடிக்கும். நரம்பு முனைகளிலிருந்து நார்அட்ரினலினை அது வெளிப்படச் செய்கிறது; மூச்சுக்குழல்களையும் விரிக்கிறது. ஆஸ்துமா நோயாளர்க்கு அது பேருதவியாயிற்று. இன்று அந்நோய்க்கு அதனினும் சிறந்த மருந்துகள் உள்ளன. எனினும், அறுவைச் சிகிச்சையின்போது தாழும் இரத்த அழுத்தத்தை உயர்த்த எபிட்ரின் இன்னும் பயன்படுகிறது.

கதையின் மறுபுறத்தையும் கேளுங்கள். உடல் மெலிவதற்கென்று அமெரிக்காவில் எபிட்ரா மாத்திரைகள் தாராளமாக விற்பனையாயின. மூச்சுக்குழலை விரிக்கும் பொருள் இதயத்தையும் விரட்டும் அன்றோ? மாரடைப்பும் பக்கவாதமும் மரணங்களும் நேர்ந்தன. 2004-இல் அந்நாட்டு அரசு எபிட்ரின் வகைப் பொருள்கள் கலந்த உணவுத் துணைப் பொருள்களைத் தடை செய்தது.

செடி ஒன்றே. நோயறிந்து அளவோடு கொடுத்தபோது உயிர் காத்தது. அளவும் தேவையும் பாராமல் உண்டபோது உயிர் குடித்தது. ஆகவே, பழைய மருந்து ஒன்றைக் கண்டால் தொழவும் வேண்டா, இகழவும் வேண்டா. அதில் என்ன பொருள் உளது, அது உடலில் என்ன செய்கிறது, எவ்வளவு கொடுக்கலாம் என்ற மூன்று வினாக்களைக் கேளுங்கள். விடை காணும் பொறுமை உங்களுக்கு வாய்ப்பதாக.