நெல்லிக்கனியும் நீள் ஆயுளும்



சாவாமையை விரும்புதல் மனித குலத்தின் தொன்மையான ஆசைகளுள் ஒன்று. சீனப் பேரரசன் சின் ஷி ஹுவாங் சாவா மருந்து தேடிக் கடல் கடந்து ஆட்களை அனுப்பினான், ஆயினும் கி.மு. 210இல், ஐம்பது வயது நிறையுமுன்பே மாண்டான். தமிழகத்துச் சித்தர்கள் காயகற்ப முறைகளை வகுத்தனர். நெடிது வாழ விரும்புவது குற்றமன்று. அந்த நீட்டிப்பு யாருக்கு என்பதே சங்கச் சான்றோர் எண்ணிப் பார்த்த வினா.

தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி, தான் அரிதின் முயன்று பெற்ற நெல்லிக்கனியை, அதன் பயனைக் கூறாமலே ஔவையாருக்கு ஈந்தான். புறநானூற்றின் 91ஆம் பாடல் தரும் இச்செய்தியைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். வள்ளன்மைக்குச் சான்றாக இதனைக் காட்டி, அவ்வளவில் நிறுத்திவிடுவது வழக்கம். அதன் பின் நிகழ்ந்ததும் எண்ணத்தக்கது. பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை வென்றான். அஞ்சி மறைந்தான், கனி உண்டவர் எஞ்சினார். அவன் பிரிவுக்கு அவர் பாடிய கையறுநிலை 235ஆம் பாடலாக விளங்குகிறது.

நீண்ட ஆயுள் ஔவையாருக்கு அளித்தது, ஆயுளை ஈந்தவனையே இழந்து அழும் துயரம். வாழ்நாள் நீளுந்தோறும் பிரிவுகளும் பெருகும். எந்தக் கற்பமும் அதனை மாற்றாது. எனினும் அவருடைய ஆயுள் வீண்போகவில்லை. அவர் இருந்து பாடியமையால் அஞ்சி இன்றும் தமிழர் நெஞ்சில் வாழ்கிறான்.

அமிழ்தமே கிடைப்பினும் தனித்து உண்ணாதவர் இருத்தலால் உலகம் நிலைபெறுகிறது என்னும் கருத்தைப் பாடியவன் இளம்பெருவழுதி. அவன் 'கடலுள் மாய்ந்த' என்னும் அடைமொழியோடே அறியப்படுகிறான். இறப்பின் பெயரால் அறியப்படும் ஒருவன் அமிழ்தத்தைப் பற்றிப் பாடியிருப்பது நினைக்கத்தக்கது.

இக்கால அறிவியலிலும் இவ்விரு மனப்பாங்குகளும் உண்டு. 1967 சனவரியில், பின்னொரு காலத்தில் உயிர்ப்பிக்கப்படலாம் என்னும் நம்பிக்கையில், அமெரிக்கர் ஒருவரின் உடல் உறைய வைக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில், விபத்துக்குள்ளாகி மூளை செயலிழந்த இளம்பெண் ஒருவரின் இதயம் வேறொருவருக்குப் பொருத்தப்பட்டது. பெற்றவர் வாழ்ந்தது 18 நாள்களே. அந்தக் கொடைக்கு இசைந்தவர், மனைவியையும் மகளையும் ஒரே விபத்தில் பறிகொடுத்த தந்தை.

முன்னது தனக்கெனக் காத்தது. பின்னது பிறர்க்கென ஈந்தது. ஈகையின் வழியே உலகெங்கும் பரவியது. தமிழக அரசு 2008இல் உறுப்புக் கொடைத் திட்டத்தைத் தொடங்கியது; கொடையாளர்களின் உடலுக்கு அரசு மரியாதை செலுத்தப்படும் என 2023இல் அறிவித்தது. வீழ்ந்த வீரனுக்கு நடுகல் நாட்டிய மண்ணுக்கு இது பொருத்தமே.

செயலற்று நிற்கும் துயரத்தையே கையறுநிலை என்றனர் முன்னோர். மருத்துவமனை வாயிலில் அத்துயரத்தோடு நிற்கும் ஒரு தந்தையும் தாயும், முகமறியா ஒருவருக்கு உயிர் கொடுக்க இசைகின்றனர். அஞ்சியின் ஈகையும் ஔவையின் அழுகையும் அங்கே ஒரே நெஞ்சில் சந்திக்கின்றன. அந்நெஞ்சத்தைப் பாடுதல் இன்றைய கவிஞர்களின் கடமையாகும்.