இல்லக் கணிப்பொறியைப் பேணுதல்

கருவி எதுவாயினும் அதைக் கையாளுவோர் கற்க வேண்டிய பாடங்கள் இரண்டு. அதனைக் கொண்டு வேலை செய்வது ஒன்று. அதனைப் பழுதின்றிக் காப்பது மற்றொன்று. உழவரும் நெசவாளரும் இவ்விரண்டையும் ஒருசேரக் கற்கிறார்கள். கணிப்பொறியை இயக்கும் மாணவ மாணவியரோ முதற்பாடத்தில் விரைவில் தேர்ந்து, இரண்டாவதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். அந்த இரண்டாம் பாடத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தினர் உருவாக்கிய மார்க் 2 என்னும் கணிப்பொறி, 1947 செப்டம்பர் 9 ஆம் நாள் பிழைபட இயங்கிற்று. காரணத்தைத் தேடியவர்கள், ரிலே என்னும் மின்னுறுப்பு ஒன்றில் அந்துப்பூச்சி அகப்பட்டிருக்கக் கண்டார்கள். அதனை எடுத்துக் குறிப்பேட்டிலேயே ஒட்டி வைத்தார்கள். அக்குறிப்பேடு இன்றும் அருங்காட்சியகத்தில் உள்ளது. அறை நிறைந்த அப்பொறியை நிலைகுலையச் செய்ய ஒரு சிறு பூச்சி போதுமானதாயிற்று.

நம் வீட்டுக் கணிப்பொறிக்குப் பூச்சியினும் பெரும்பகை தூசியே. அதன் மூளையாகிய ப்ராசசர் இயங்கும்போது வெப்பம் எழுகிறது. அவ்வெப்பத்தை உலோகத் தகடுகள் வாங்கிக்கொள்ள, மின்விசிறி காற்றை வீசி வெளியேற்றுகிறது. காற்றோடு தூசியும் உள்ளே வருகிறது. அது தகடுகளின் இடுக்குகளில் கம்பளிபோல் படிந்துவிட்டால் வெப்பம் வெளியேற வழியில்லை. அப்போது ப்ராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சூடு மேலும் ஏறினால் பொறி தானே நின்றுவிடும். “இது பழசாகிவிட்டது, புதிது வாங்க வேண்டும்” என்று வீட்டார் கவலையுறும் பொறிகளுள் சிலவற்றுக்கு வேண்டுவது தூசி நீக்கம் மட்டுமே.

ஆயுத பூசையன்று கணிப்பொறியையும் துடைத்துப் பொட்டிடுகிறோம். நல்ல வழக்கந்தான், ஆயினும் மேனியைத் துடைத்தால் உள்ளிருக்கும் தூசி போகாது. மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறையேனும் உள்ளும் பார்க்க வேண்டும். முதலில் பொறியை நிறுத்தி, மின்னிணைப்பைக் கழற்றிவிடுங்கள். பெட்டியின் பக்கத் தகட்டைத் திறந்ததும், வண்ணம் பூசாத உலோகப் பகுதி ஒன்றைக் கையால் தொடுங்கள். நம் உடலில் தங்கும் நிலைமின்சாரம், நமக்குச் சிறிதும் புலப்படாத அளவிலேயே நுண்ணிய உறுப்புகளைக் கெடுக்கவல்லது. பின்பு ஊதுகருவியாலோ மென்மையான தூரிகையாலோ தூசியை நீக்குங்கள். ஊதும்போது விசிறி சுழலாதவாறு விரலால் பிடித்துக்கொள்க. வீடு பெருக்கும் வாக்குவம் கிளீனரை உள்ளே நுழைக்கலாகாது. அதனாலும் நிலைமின்சாரம் உண்டாகும். மின்சாரம் வழங்கும் பெட்டியை மட்டும் எக்காரணத்தாலும் திறக்காதீர்கள். இணைப்பைக் கழற்றிய பின்னும் அதனுள் மின்னூட்டம் தங்கியிருக்கும்.

திரையின்மேல் நீரைத் தெளிக்காமல், மென்துணியைச் சற்றே நனைத்துப் பிழிந்து துடையுங்கள். மடிக்கணிப்பொறியை மெத்தைமீது வைத்தால் அதன் காற்றுத்துளைகள் அடைபடும், மேசைமீதே வையுங்கள். அதன் பேட்டரி உப்பியிருப்பின் அழுத்தவோ குத்தவோ வேண்டா; தீப்பற்றக்கூடும். உடனே பயன்பாட்டை நிறுத்திப் பழுது பார்ப்போரிடம் ஒப்படையுங்கள்.

இனி, துடைத்துக் காக்க இயலாத உறுப்பொன்று உண்டு. அதுவே ஹார்டு டிஸ்க். அதனுள் தட்டுகள் நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. அவற்றைப் படிக்கும் முனை, தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. நம் தலைமயிரின் தடிமனோ பல்லாயிரம் நானோமீட்டர். அந்த இடைவெளியில் ஒரு துகள் புகுந்தால், அது பாதையில் உருண்ட பாறையை ஒக்கும். ஆகவே அதனை வீட்டில் திறத்தல் கூடாது. எவ்வளவு பேணினும் ஒருநாள் அது பழுதாகும். சுழலும் தட்டில்லாத எஸ்.எஸ்.டி. வகைக்கும் முடிவு உண்டு.

எனக்குத் தெரிந்த கல்லூரி மாணவி ஒருவர், முதிய நெசவாளர்களைக் கண்டு பேசி, அவர்கள் சொன்னவற்றை ஈராண்டுக் காலம் ஒலிப்பதிவு செய்துவந்தார். அவருடைய ஹார்டு டிஸ்க் ஒருநாள் நின்றுபோயிற்று. புதியது ஒரு மணி நேரத்தில் பொருத்தப்பட்டது. பதிவுகளோ மீளவில்லை. பேசியவர்களுள் இருவர் அதற்குள் காலமாகிவிட்டனர். அவர்களை மீண்டும் கேட்பது எங்ஙனம்?

ஆதலால் அரியவை எவையாயினும் மூன்று படிகள் இருக்கட்டும். அவை இருவகைக் கருவிகளில் இருக்கட்டும். ஒன்றேனும் வீட்டுக்கு வெளியே, உறவினர் இல்லத்திலோ இணையச் சேமிப்பிலோ இருக்கட்டும். படி எடுத்தபின் அக்கருவியைக் கணிப்பொறியினின்று கழற்றி வையுங்கள். தீய நிரல்கள் புகுந்தால், இணைந்திருக்கும் படியையும் அவை கெடுத்துவிடும். எடுத்த படி திறக்கிறதா என்பதையும் சோதித்துப் பாருங்கள்.

தூசி நீக்கும் நாளையே படி எடுக்கும் நாளாகவும் வைத்துக்கொண்டால் இரண்டும் மறவா. இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரத்தை இதற்கென ஒதுக்குங்கள். பொறியைப் பணம் கொடுத்து மீண்டும் வாங்கலாம். அதனுள் நீங்கள் சேர்த்துவைத்த உழைப்பு எந்தக் கடையிலும் கிடைப்பதன்று.